வெளிறிய சிவப்பு

மார்ச் 4, செவ்வாய், ஓஷ்
மனைவி சைகலுக்கு இன்று மருத்துவமனையில் மூன்றாவது சுற்று மருந்து. மருந்துக் கடையில் இரண்டு குப்பி வாங்கி, தாளில் சுற்றி, செவிலி ரகாத்திடம் கொடுத்தேன். சொட்டுப் பையில் சிவப்பு வெளிறித் தெரிந்தது. போன முறை மாதுளைச் சாறு போலிருந்தது. முப்பத்தாறு வருடம் வேதியியல் பாடம் நடத்தியவனுக்கு நிறம் தெரியாதா? — அல்லது ஜன்னல் வெளிச்சமா?

மார்ச் 5
வெளிச்சம் இல்லை. ஒரு குப்பியை ரகாத் ஒளித்துவிட்டாளோ? வெளியே விற்றால் வாங்க ஆளுண்டு. சைகலிடம் கேட்க முடியாது. சாதாரணக் கட்டி, கரைக்கிற மருந்து என்றே அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். எந்த வீட்டில்தான் அந்தச் சொல்லை நோயாளியின் காதில் போடுகிறார்கள்?

மார்ச் 7
மகள் பெர்மெத் சிரிக்கிறாள். "பசங்க காப்பியடிச்சாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிற ஆளுப்பா நீங்க. நர்ஸைப் போயி திருடின்னு சொல்லப் போறீங்களா?"
பாதி மருந்து போனால் பாதி உயிர் போன மாதிரிதானே? இதில் இவளுக்கு என்ன சிரிப்பு?

மார்ச் 10
மருத்துவமனை வாசல் வரை போனேன். கேட்கவில்லை.

மார்ச் 11
கேட்டேன். "காலிக் குப்பி ரெண்டும் வேணும்மா."
ரகாத் முறைத்தாள். "வாத்தியாரய்யா, திருடினியான்னு நேராவே கேளுங்களேன்!"
குளிர்பெட்டியைத் திறந்தாள். உடைக்காத குப்பி ஒன்று, மேலே சைகலின் பெயர். பிறகு சிகிச்சைத் தாளை நீட்டினாள். இதயம் தளர்ந்திருப்பதால் மருந்து பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. நோயின் பெயர் முழுதாக எழுதியிருந்தது. கீழே ஒப்புதல் கையெழுத்து — சைகலுடையது.
"எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது, சொல்லாதேன்னு சைகல் அக்காதான் சொன்னாங்க. பழி மட்டும் எனக்கு."
மன்னிப்புக் கேட்டேனா? நினைவில்லை.

மார்ச் 12
ரகாத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கய்யா, வாரத்துக்கு ஒருத்தர் கேக்குறாங்க" என்றாள். சைகலின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் இவளுக்கு? என் பொய்யை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள்?

மார்ச் 25
நான்காவது சுற்று. கட்டிலில் உட்கார்ந்தபடியே சைகல் அந்தச் சிகிச்சைத் தாளை என்னிடம் நீட்டினாள்.
"கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன். படிங்க."
"மருந்து, டாக்சோரூபிசின். ஐம்பது மில்லிகிராம்."
"அதுக்கு மேல ஒரு வரி இருக்கே."
தாளை மடிக்கப் போனேன்.
"வாத்தியாரு, சத்தமாப் படிங்க."
"மார்பகப் புற்றுநோய்."
"ம்," என்று தலையாட்டிவிட்டு, ஊசிக்காக ரகாத்திடம் கையை நீட்டினாள்.