நச்சுக்கொடியையும் கொண்டுபோனவனுக்கு

இன்று மகளை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தேன். மாப்பிள்ளையை உள்ளே விட்டார்கள். கதவு திறந்தபோது வந்த ஸ்பிரிட் வாடையோடு நீயும் வந்து நின்றாய். கம்பைநல்லூர் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் எண்பதுகளில் எங்கே இருந்தோம் தெரியுமா? தருமபுரியில் ஸ்கேன் அறைக்குள் டாக்டராக நீ. வெளியே என் மனைவியின் செருப்புக்குக் காவலாக நான்.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அம்மை போட்டிருந்தது. வீடெங்கும் வேப்பிலை. என்னைப் பெற்ற ஆத்தாவுக்குத் தெரியாமல், சேலத்திலிருந்து நீ வரவழைத்த புது மாத்திரையும் உண்டு. அம்மை நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தொட்டுவிட்டதா, மாத்திரை கொடியைக் கெடுத்துவிட்டதா என்பதுதான் கவலை. மாதாமாதம் திரையைப் பார்த்துவிட்டு, "கொடி நல்லா இருக்குதும்மா, ஒண்ணுமில்ல" என்பாய். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அதே வார்த்தைகளை நான் வாரம் முழுக்கச் சொல்லியும் அவளுக்கு ஒரு கொட்டாவிகூட வந்ததில்லை. என் பிள்ளையை எனக்கு முன்பே நீ பார்த்துவிட்டாய் என்பது தனி எரிச்சல்.

பிறந்தவள் நன்றாக அழுதாள். நச்சுக்கொடியைக் கொல்லையில் புதைப்பது எங்கள் வழக்கத்தில் தகப்பன் வேலை. இந்த விவகாரத்தில் எனக்கென்று மிஞ்சிய ஒரே வேலை என்பதால் குழியை ஆழமாகவே வெட்டியிருந்தேன். நீ கொடியைப் பரிசோதனைக்குக் கேட்டாய். நம்ம வூட்டுக் கொடி வெளியே போகக்கூடாது என்றார் ஆத்தா. கட்டிலில் இருந்தபடி என் மனைவி சொன்னாள்: "குடுத்துருங்க. இத்தன நாளா அதப் பாத்துக்கிட்டது அண்ணன்தானே."

வெட்டிய குழியில் வாழைக்கன்று வைத்தேன்.

சில வாரம் கழித்து அரூர் பஸ்ஸில் வந்து இறங்கி, மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை என் முன் பரப்பினாய். கொடியில் அங்கங்கே அம்மையின் தழும்பு. மற்ற இடமெல்லாம் சுத்தம். மாத்திரையாலும் பழுதில்லை என்று விரல் வைத்துக் காட்டினாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"ஸ்கேன்ல இதெல்லாம் தெரியாதுடா. அந்தப் புள்ள தூங்கட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். நான்தான் தூங்கல."

அவளுக்கு நீ ஆறுதல் சொன்னதை மன்னித்திருப்பேன். கொடியைக் கொண்டுபோனதையும்தான். தகப்பனுக்குச் சேரவேண்டிய பயத்தையும் நீயே வைத்துக்கொண்டாயே, அந்த வயிற்றெரிச்சல் நீ செத்துப்போன பிறகும் ஆறவில்லை.

இப்போதும் எந்த டாக்டர் "ஒன்றுமில்லை" என்றாலும், உன் அளவுக்குப் பொய் சொல்ல வருகிறதா என்று முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். இதுவரை யாருக்கும் வரவில்லை.