ராசன் பிறந்த திகதி

செவ்வாய், இரவு.

சல்லிக் கிராமத்தில் கருவாடு போடும் செல்வமக்காவின் நாய் ராசனுக்கு வயிற்றில் கட்டி. சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் தப்பாது. அவனைக் காப்புறுதி செய்த நிறுவனமோ, வயதைக் குறைத்துச் சொன்னதாகக் கூறிப் பணம் தர மறுத்துவிட்டது. இன்று போய் அக்காவிடம் விசாரித்தேன்.

"காப்புறுதிக்காரர் பிறந்த திகதி கேட்டவர், தம்பி. அம்மன் கோயில் பொங்கலண்டு படலைக்குள்ள வந்தவன். அந்தத் திகதியைச் சொன்னனான். அதுக்கு முந்தி எங்க திரிஞ்சானோ, ஆருக்குத் தெரியும்?"

"படிவத்தை வாசிச்சுக் காட்டினவரோ?"

"இங்கிலீசில கிடந்தது. காட்டின இடத்தில கையெழுத்து வைச்சனான்."

புரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதைக் குறித்து, காப்புறுதியை மேற்பார்வை செய்யும் அரச அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். முறைப்பாட்டுப் படிவத்திலும் நாயின் பிறந்த திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது. முப்பது வருடமாகத் திகதிகளைச் சரிபார்த்தே செய்தி எழுதியவன் நான். வெகுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியாது. பொங்கலன்று வந்தது" என்று நிரப்பினேன்.

அந்த நேரம் முழுக்க ராசன் வலைக் குவியலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கனவில் நான்கு கால்களும் ஓடின.

"எங்கயோ போறான்" என்றார் அக்கா.

பதில் வரும்வரை கட்டி பொறுக்க வேண்டும். துறைமுக வெளிச்சங்கள் தண்ணீரில் ஆடுகின்றன. கண்ணை மூடினால் அந்தக் கால்கள் ஓடுகின்றன, படலைக்கு வெளியே, எவரும் எழுதி வைக்காத ஏதோ ஒரு வருடத்துக்குள்.