பின்சீட்டில் இருந்தவர்கள்

ஹார்ட்வெல் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
10.8.1986

சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர் உமாபதி அவர்களுக்கு, கங்கா வணக்கத்துடன் எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஷிப்யார்டில் வெல்டிங் பிடித்துப் பிடித்துக் கண் எரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது தேவலையா?

மாமா, தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நம் கட்சிதான் ஜெயித்தது. கிளைத் தலைவர் அர்ஜுனன் அண்ணன் இதற்குள் உங்களுக்குப் போன் போட்டிருப்பார். உன் பெண்டாட்டி கட்சியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதைக் கேட்ட நீங்கள் நான் எழுதுவதையும் கடைசிவரை படிக்கவேண்டும்.

நம் தோட்டத்து மருந்தகத்தில் ஊசி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்த வைரவநாதன் வேலையை விட்டுவிட்டு எதிர்க்கட்சியில் நின்றார். அது உங்களுக்கே தெரியும். பிரசாரம் தொடங்கியதும் அவரைத் தாக்கி ஒரு நோட்டீஸ் வந்தது. கடைச் சுவர், ரப்பர் பால்வெட்டுக் கொட்டகை, கோயில் வாசல், எங்கே பார்த்தாலும் அதுதான். நடுவில் நம் பிள்ளையின் படம். கீழே கொட்டை எழுத்தில், “குழந்தை காய்ச்சலில் துடித்தபோது மருந்தகத்தைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனவர் யார்? இந்தத் தாயின் கண்ணீருக்குப் பதில் என்ன?”

கடைக்குச் சீனி வாங்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மாமா. பிள்ளை துடித்தது உண்மை. டிரெசர் மருந்தகத்தைப் பூட்டியது உண்மை. காரில் ஏறிப் போனதும் உண்மை. அந்தக் காரின் பின்சீட்டில் நானும் என் மடியில் பிள்ளையும் இருந்தோம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அன்றைக்கு நீங்கள் இங்கே இல்லை. ஆனால் மறுநாள் வந்து இறங்கியதும் உங்களிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னி கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஊசி போட்டும் நிற்கவில்லை, அவர் தன் சொந்தக் காரிலேயே கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனார், பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. கார் ஓட்டிக்கொண்டே தன் யாழ்ப்பாணத் தமிழில், “ரெண்டு நாளா என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தனீ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதற்காக, அவர் செய்ததைச் செய்யவில்லை என்று என் பெயரால் ஊருக்குச் சொல்ல விடுவேனா?

நேரே அர்ஜுனன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். “தங்கச்சி, எலெக்சன்ல இதெல்லாம் சகஜம்லா. பொய்யா எதுவும் போடலியே” என்றார். அப்படியானால் காரில் யார் இருந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. உமாபதிக்குக் கட்சி மூலமாக டாக்சி பெர்மிட் கிடைக்கிற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார்.

இது எப்படியோ வெளியே தெரிந்து, எதிர்க்கட்சிக்காரர்கள் இருவர் டேப் ரிக்கார்டருடன் வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். அது போதாதாம். தோட்ட லோரியைக் கேட்டேன், மானேஜர் தர மறுத்தார் என்றும் சொல்லவேண்டுமாம். “அக்கா, அப்பத்தான் ஜனங்களுக்குக் கோவம் வரும்” என்றான் ஒருவன். லோரியை யாரும் கேட்கவே இல்லை தம்பி, கேட்க நேரம் எங்கே இருந்தது என்றேன். அவன் கெஞ்சினான். இந்தப் பக்கம் பாதியை மறைக்கிறார்கள், நீங்கள் இல்லாததைச் சேர்க்கிறீர்கள், என் பிள்ளை உங்கள் யாருக்கும் கொடிக்கம்பம் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் திடலில் நம் கட்சிக் கூட்டம். வேட்பாளரே வந்திருந்தார். அர்ஜுனன் அண்ணன் மைக்கில், “அந்தத் தாய் இங்கதான் உக்காந்திருக்காங்க” என்று என்னைக் கைகாட்டினார். ஜனங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எழுந்து மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டேன். தரவில்லை. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த பாட்டைப் போடப் போனவனை நம் பக்கத்து வீட்டு இராஜம்மாக்கா, “டேய், அவ பேசட்டும்டா! அவ புள்ளயத்தானடா படம் போட்டீங்க!” என்று ஒரு அதட்டல் போட்டார். அவன் கையை எடுத்துவிட்டான்.

மைக் இல்லாமலே சொன்னேன். என் பிள்ளை பெயர் ரமணி. அவளை விட்டுவிட்டு அந்தக் கார் போகவில்லை, அவளை ஏற்றிக்கொண்டுதான் போனது. யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவளைச் சாக்காக வைத்து யாரும் ஓட்டுக் கேட்காதீர்கள். இவ்வளவுதான் மாமா பேசினேன்.

மறுநாள் நம் தோட்டத்துப் பெண்களே நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் மற்றத் தோட்டங்களிலும் டவுனிலும் அது கடைசிவரை ஒட்டியே இருந்தது. அங்கெல்லாம் போய்க் கத்த எனக்கு எத்தனை வாய்? வைரவநாதன் தோற்றுப்போனார். என்னால் யாரும் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. நான் யாருக்குப் போட்டேன் என்பதை உங்களிடமும் சொல்லமாட்டேன்.

அத்தை முதலில், வருகிற சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று திட்டினார்கள். நேற்று அர்ஜுனன் அண்ணன் வாசலில் வந்து, பெர்மிட்டை மறந்துவிடுங்கள் என்று சத்தம் போட்டபோது அவர்கள்தான், “செத்த புள்ளய வித்துக் காரு வாங்கணுமாடா?” என்று கேட்டார்கள். அவர் வந்த வழியே போய்விட்டார்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நோட்டீஸில் வந்த அந்த முதல் பிறந்தநாள் படத்தில் இரண்டே பிரதிதான் எடுத்தோம். ஒன்று இங்கே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்றதை நீங்கள் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனீர்கள். படம் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு அர்ஜுனன் அண்ணன் தரையைப் பார்த்தார். அவர் சொல்லவும் வேண்டியதில்லை. எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். டாக்சி கிடைத்தால் சிங்கப்பூரை விட்டு வீட்டோடு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் தினமும் நினைக்கிறேன். ஆனால் அந்த டாக்சியில் ஒருநாளும் நான் ஏறியிருக்கமாட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் போன பிறகு நீங்கள் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் இல்லை. நோட்டீஸ் போட்டவனுக்கெல்லாம் அவள் வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்துக்கு நீங்கள் வேறு எதுவும் பதில் எழுதவேண்டாம். ரமணி என்று ஒருமுறை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாரியாத்தா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ரமணியின் அம்மா
கங்கா