விரலுக்குத் தட்டாத தையல்

அம்மா, முதலில் உன் ஆசி வேண்டும். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அயோவாவில் நான் நலம்.

நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தில் நான் வீசியதில் மூன்று பந்துகள் அடிபட்டு வேலியைத் தாண்டிப் போயின. மூன்றும் ஹோம் ரன். இதைக் கேட்டுப் பதறாதே, இந்த வருடம் எல்லா வீச்சாளர்களுக்கும் இதே கதிதான். எதிரணி அப்படி அடித்த பந்தை எங்கள் அணி ரசிகர்கள் வெறுப்போடு மைதானத்துக்குள் திருப்பி எறிவது வழக்கம். அப்படி வந்த முதல் பந்தைத் தடவினேன். முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. பிடித்து வீச உதவும் மேடான தையல் விரலுக்குத் தட்டவேயில்லை. மூன்றாவதை யாரும் திருப்பி எறியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள், எங்கள் ரசிகர்களே.

கோச்சிடம் பந்தைக் காட்டினேன். “பந்து மேல பழி போடாத, யெஃப்ரி. இப்ப எல்லாவனும் தூக்கித்தான் அடிக்கிறான். வெயில் வேற, சூட்டுல பந்து தூரமாப் பறக்கும்” என்றார். என் வீச்சைப் பிடிக்கும் கேட்சர் டெல்மர் சிரித்தான். “ஜனம் ஹோம் ரன் பாக்கத்தான் டிக்கெட் வாங்குது. உன் மூஞ்சியப் பாக்கவா வருது?”

நான் அந்தப் பந்தை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமா நம் ஊர் பானியிலிருந்து இங்கே வரும்போது காபித்தூள் கொடுத்தனுப்பு. அலமாரியில் இருக்கும் என் பழைய பந்தையும் கொடு. வீசுவதற்கு அல்ல. மாறியது பந்தா, என் விரலா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பஸ் கிளம்புகிறது.

உன் யெஃப்ரி