கயலாற்றுத் துறை திறந்த ஓலை

மழை தவறாது பெய்க. விளைநிலம் செழிக்க. அதன்மேல் வாழ்வோர் அச்சமின்றி உறங்குக.

குன்றநாட்டின் முடியுடையவளும், யாளிக்கொடி உயர்த்தவளும், மலைச்சுனைகள் ஏழுக்கும் காவல் பூண்டவளுமாகிய அருங்கோதை, இடைகரை நாட்டுக் குன்றாளபுரத்துப் பாசறையில் அமர்ந்து, புனல்நாட்டு வேந்தரும், நெற்கதிர்க் கொடியுடையவரும், மூன்று ஆற்றுமுகங்களுக்கு உரியவருமாகிய மருதங்கோமானுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடைநிழல் குளிர்க. தங்கள் ஏரிநீர் கடைமடை வரை பாய்க. தங்கள் அன்னையார் நோய் நீங்கி எழுந்தமை கேட்டு மகிழ்ந்தோம்; எம் மலைத்தேன் இரண்டு குடம் இவ்வோலையோடு வருகின்றது.

இடைகரை நாடு யாருக்கு உரியது என்னும் வழக்கைத் தங்கள் அவையும் எம் அவையும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டன. தங்கள் முன்னோர் கயலாற்றின் மேலைக்கரையில் காடு திருத்தி ஊர் கண்டபோது அதன் தலையூருக்கு மருதவூர் என்று பெயர். எம் முன்னோர் மலையிறங்கி வென்றபோது அது குன்றாளபுரம் ஆயிற்று. தங்கள் கொள்ளுப்பாட்டனார் ஆறு கடந்து மீட்டபோது மீண்டும் மருதவூர். அதன்பின் வந்த உடன்படிக்கையில் ஊரின் நடுவே எல்லைக்கோடு விழுந்து, சந்தை தங்களுக்கும் கோயில் எமக்கும் ஆக, உப்பு வாங்கச் சென்ற கணவன் மாலையில் தன் வீடு திரும்புவதற்கு அயல்நாட்டு முத்திரை பெற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கல்வெட்டுகள் கொத்தி அழிக்கப்பட்டன. அளக்கும் மரக்கால் மாறிற்று. ஒரே திண்ணைப்பள்ளியில் தந்தை ஒரு மன்னரின் பெயரையும் மகன் வேறொரு மன்னரின் பெயரையும் வாழ்த்திப் பாடம் படித்தனர்.

எம் தந்தையார் காலத்துப் போரில் நாடு முழுதும் எம் கைக்கு வந்தது. அவ்வெற்றியை எம் புலவர்கள் பலவாறு பாடியிருக்கின்றனர். அவர்கள் பாடாது விட்டதை யாம் எழுதுகின்றோம். கதிரவன் சாயுமுன் புனல்நாட்டு மொழி பேசுவோர் அனைவரும் ஆறு கடக்க வேண்டும் என்று எம் முரசு அறைந்தது. அவர்கள் கடந்தனர். அதே ஆண்டில் கடல்நாட்டார் எம் கீழ்மலையைக் கைப்பற்றி, அங்கிருந்த எம் குடிகளை அவ்வாறே துரத்தினர். துரத்தப்பட்ட எம்மவரை, துரத்தப்பட்ட தங்களவரின் வீடுகளில் எம் தந்தையார் குடியேற்றினார். சில வீடுகளில் அடுப்புச் சாம்பல் இன்னும் ஆறவில்லை என்பர். பின்னர்த் துறைப்படகுகள் எரிக்கப்பட்டன. ஆறு கடந்து வருவோர்க்கு ஆயுட்சிறை என்று சட்டம் ஆயிற்று. தங்கள் கரையிலும் அதுவே சட்டம் என்பதை அறிவோம். இது நிகழ்ந்து நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று.

இவ்வேனிலில் யாம் இங்கு வந்தது நட்பு நாடி அன்று என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆற்றோரம் ஒரு கோட்டை எழுப்புதல் நன்று என்று எம் பேரமைச்சர் அறிவுரைத்தார், யாம் இசைந்தோம். கருங்கற்கள் வந்து குவிந்தன. கடைக்கால் நாட்டும் நாளுக்கு முன்னாள், எல்லைப்படைத் தலைவன் அதியரன் ஒரு முதுமகளைக் கைகட்டி எம்முன் கொண்டுவந்தான். தங்கள் நாட்டினள், காரிநங்கை என்பது பெயர். நீர் குறைந்த இடத்தில் மீன்பிடிப்பவர் ஒருவரின் பரிசலில் விடியலில் ஆறு கடந்து, ஊருக்குள் ஒரு வீட்டின் கொல்லையில் புகுந்து, கிணற்றடியில் மண் தோண்டும்போது அகப்பட்டாள்; பரிசல் விட்டவரும் பிடிபட்டார். கோட்டை எழும் நிலத்தை உளவறிய வந்தவள் என்று அதியரன் வழக்குரைத்தான். இன்று ஒருத்தி வந்தாள், நாளை ஓராயிரம் பேர் எங்கள் வீடுகளைக் கேட்டு வருவார்கள் என்று ஊர்மன்றத்தார் கலங்கி முறையிட்டனர்.

சந்தைத்திடலில் ஊர் கூடியிருக்க அவ்வழக்கைக் கேட்டோம். அங்கு இரு பெண்கள் சொன்னதை எம் அவைமொழியில் மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பதால், அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதுமாறு ஓலை எழுதுவோனைப் பணித்தோம்.

காரிநங்கை சொன்னது இது. “ஒளிஞ்சு வந்தது தப்புதான் தாயே. கேட்டுட்டு வர ஒரு வழி இருந்தா கேட்டுட்டே வந்திருப்பேன். அந்தக் கிணத்தடியில என் மூத்தவ கிடக்கா. தவழ ஆரம்பிச்ச பிள்ளை, காய்ச்சல்ல போயிட்டா. முரசு அடிச்சப்ப இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு மத்த ரெண்டையும் தூக்கிட்டு ஓடினேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டேன். நான் சாகுறதுக்குள்ள ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வீடு கேட்டு வரல. அந்தக் கூரைக்குக் கீழ வேற பிள்ளைங்க வளர்ந்தாச்சு.”

இதைக் கேட்டும் திடல் அசையவில்லை. பொய் என்றார் சிலர். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவ்வீட்டில் இன்று வாழ்பவளாகிய சேந்தி முன்வந்தாள். கீழ்மலையிலிருந்து இளம்பெண்ணாக வந்து குடியேறியவள் அவள்; இன்று பேரப்பிள்ளைகள் எடுத்தவள்.

“கூப்பாடு போட்டுக் காவலைக் கூப்பிட்டது நான்தான்” என்றாள். “வீட்டுக்காரி வந்துட்டான்னு பயந்துட்டேன். வந்த நாள்லேர்ந்து கதவு தட்டுற சத்தம் கேட்டா அவதான் வந்துட்டான்னு நெனச்சுத்தான் நான் எந்திரிப்பேன். ஆனா இவ சொல்றது பொய்யில்ல. கிணத்தடியில கூழாங்கல்லு சுத்தி வச்சுச் சின்னதா ஒரு மேடு இருக்கு. பார்த்ததுமே எனக்கு விளங்கிடுச்சு. என் புருசன் மாட்டுக்கொட்டில் போட அங்கதான் எடம் பார்த்தாரு. கூடாதுன்னுட்டேன். கீழ்மலையில என் பையனை நானும் அப்படித்தான் வச்சுட்டு வந்தேன். அங்க இப்ப எவ குடியிருக்காளோ, அவ அதும்மேல மாட்டைக் கட்டாம இருக்கணும்னா, இங்க நான் கட்டாம இருக்கணும்ல?”

பின்பு எம்மை விடுத்து, கட்டுண்டு நின்றவள் பக்கம் திரும்பினாள். “என் பையனுக்குப் பூ வைக்கிற நாள்ல இவளுக்கும் ரெண்டு பூ வைப்பேன். பேரு தெரியாம வச்சுட்டிருக்கேன். என்ன பேரு வச்சீங்க?”

“மின்னி” என்றாள் காரிநங்கை.

“மின்னி” என்று சேந்தியும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

வேந்தே, அத்திடலில் நின்றவருள் பின்னால் எதையும் புதைத்துவிட்டு வராதவர் எவரும் இலர். முறையிட்ட ஊர்மன்றத்தார் தலைகுனிந்தனர். யாம் தீர்ப்புரைக்க வாய் திறக்குமுன் அதியரன் நடந்து சென்று முதியவளின் கைக்கட்டைத் தானே அவிழ்த்தான். பின் எம்முன் வந்து, சட்டத்தை மீறினேன், எனக்குரிய தண்டம் தருக என்று வேண்டி நின்றான். அவனும் கீழ்மலையில் பிறந்தவன் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. தாயின் இடுப்பில் அமர்ந்து வந்தவனாம்.

அன்று மாலை யாம் காவலர் இருவரோடு மட்டும் சேந்தியின் வீட்டுக்குச் சென்றோம். காரிநங்கை கிணற்றடியில் அமர்ந்து வெகுநேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். யாரும் அருகே செல்லவில்லை. பின்னர் எழுந்து வந்து, தன் பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்து, அடுப்பை ஏன் இந்த மூலைக்கு மாற்றினாய், புகை உள்ளே வருமே என்று சேந்தியைக் கடிந்தாள். புகை வந்தால் கொசு வராது என்று சேந்தி மறுமொழி சொன்னாள். இருவரும் சிரித்தனர். சிரித்ததன் பின்னரே இருவரும் அழுதனர்.

அவ்வீட்டின் கூரையில் ஒட்டுமேல் ஒட்டாகத் தென்னோலைக் கிடுகு செருகியிருந்ததையும், அகன்ற கொல்லையில் வாழையும் கத்தரியும் அன்றி ஒரு மாவோ பலாவோ இல்லாததையும் கண்டு, நன்னிலம் இருந்தும் ஏன் இப்படி என்று வினவினோம். சேந்தி எம்மை ஏற இறங்கப் பார்த்தாள். “பலா வச்சாப் பலன் பார்க்கப் பல வருசம் ஆகும் தாயே. அதுக்குள்ள எந்த ராசா வருவாரோ, யாரை எங்க போகச் சொல்லுவாரோ. இங்க வாழை வைக்கத்தான் தைரியம் வந்துச்சு.”

நாடு எம்முடையது என்று எம் மெய்க்கீர்த்தி முழங்கிய அத்தனை ஆண்டும் அதன் குடிகள் மூட்டை அவிழ்க்காமல் வாழ்ந்திருக்கின்றனர் என்பதை அந்தக் கொல்லையில் உணர்ந்தோம். எம் கோட்டை அவர்கள் அச்சத்தைக் குறைத்திராது. தங்கள் கரையில் அதற்கு எதிராக ஒரு கோட்டையை எழுப்பியிருக்கும்.

ஆகவே வேந்தே, யாம் எண்ணித் துணிந்ததைக் கேட்டருள்க. எல்லை இன்று இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தங்கள் முன்னோர் உழைப்பில் எழுந்த ஊர் இது என்பதை யாம் இனி மறுப்பதில்லை. மருதவூர் என்னும் பெயரும் குன்றாளபுரம் என்னும் பெயரும் ஊர்வாயிற் கல்லில் அருகருகே பொறிக்கப்படும். இன்று வீட்டில் வாழ்வோர்க்கே வீடு. ஆயின் விட்டுச் சென்றவர்க்குத் தம் புதைகுழிகளும் கோயில்களும் பிறந்த தெருவும் திறந்திருக்கும். அவர்கள் பகலில், தலைநிமிர்ந்து, துறைவழியே வருவர். வருவோரை வாயிலில் நிறுத்திப் பகைபேசுவோன் எம் பகைவன்.

இதில் பேரிடர் உண்டு என்று பேரமைச்சர் சொன்னார். வருபவருள் ஒருவர் வீடு கேட்டு வாள் எடுத்தால் என் செய்வது என்றார். அதற்காகவே தங்கள் துணையை வேண்டுகின்றோம். தங்கள் கரைக்குடிகளிடம் இழந்தது மீளும் என்னும் வாக்கைத் தாங்கள் இனித் தரலாகாது. கீழ்மலை மீளும் என்று எம் குடிகளுக்கு யாமும் ஆண்டுதோறும் விழாநாளில் சொல்லிவந்தோம். நேற்று அதே திடலில், அது மீளாது என்று சொன்னோம். ஒரு கிழவர் எழுந்து, இதை முன்னமே சொல்லியிருந்தால் வீட்டுக்கு ஓடு போட்டிருப்பேனே என்றார். கடல்நாட்டு அரசருக்கும் புதைகுழி காண வழி கேட்டு ஓலை விடுத்துள்ளோம். அவர் மறுக்கலாம். தாங்கள் இசைந்ததாகக் கேட்டால் அவர் மனமும் நெகிழக்கூடும் என்று நம்புகின்றோம்.

இனி எம் அதிகாரிகள் அனைவர்க்கும் ஆணை. ஆறு கடந்தவர்க்கு ஆயுட்சிறை என்னும் சட்டம் இன்றோடு ஒழிந்தது. அச்சட்டத்தால் சிறையிருப்போர் இன்றே விடுவிக்கப்படுக. பரிசல் விட்டவரும் அவருள் அடங்குவர். கோட்டைக்கு வந்த கருங்கற்களைக் கொண்டு கயலாற்றில் ஒரு படித்துறை கட்டப்படுக. அதனைக் கட்டி முடிப்பதே படைத்தலைவன் அதியரன் வேண்டிய தண்டம்; அவன் அதனை மகிழ்ந்து ஏற்றான். இடைகரை நாட்டுக் குடிகளை அவர் நிலத்தினின்றும் பெயர்க்கும் ஆணை எவர் பெயரால் வந்தாலும், எம் பெயராலேயே வந்தாலும், அதனை நிறைவேற்றுவோன் எம் அரசுக்கு இரண்டகம் செய்தவன் ஆவான்.

இது யாம் அறிந்து, அமைச்சர் கேட்டு, ஊர் நடுவே உரைத்த சொல். யாளி இலச்சினை இட்டு, எம் கையால் ஒப்பமும் கீறினோம். இவ்வோலையைச் சுமந்து வரும் தூதருக்குத் தங்கள் மறுமொழியைத் தந்து அனுப்புக. வளர்பிறை தொடங்கும் காலையில் இக்கரையிலிருந்து முதற்படகு புறப்படும். காரிநங்கையார் ஊர் திரும்புகின்றார். அவரை வீட்டு வாசல்வரை கொண்டுவிட்டே தீருவேன் என்று சேந்தியும் ஏறுகின்றாள். தங்கள் கரையில் துறை தூர்ந்திருக்கும். கயிறு பிடிக்க ஒருவரை நிறுத்துக.