மெஷினில் நிரம்பிய நல்ல தண்ணீர்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஆனந்த்ராஜும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன், மீதியைக் கீழே படித்துத் தெரிந்துகொள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேச முடியாத விஷயம் ஆத்தா. நீ கூப்பிட்டதும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், நான் வாசலுக்குப் போனால் யாரோட ரகசியம் பேசுறீகன்னு பின்னாலேயே வருகிறாள். மெசேஜ் தட்டலாம் என்றால் என் கட்டைவிரலுக்கு அந்த எழுத்துகள் அகப்பட மாட்டேன் என்கின்றன. இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், எழுந்திருப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஊரில் மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. என்னோடு வேடசந்தூர் பஸ்ஸில் டிரைவராக இருந்த மலைச்சாமி தவறிவிட்டான், வடமதுரைக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். நல்ல மனுசன், நான் விசில் அடிக்காமல் வண்டியை ஓர் அடி எடுக்க மாட்டான். பக்கத்து வீட்டுச் சூர்யகலா உன்னை விசாரித்தாள். நீ ராத்திரி டூட்டி முடித்து வந்து வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுப்பதாக மாப்பிள்ளை சொன்னார், அது கூடாது, ஒரு வாய் சோறாவது வடித்துச் சாப்பிடு. சரி, சுற்றி வளைத்தது போதும். நீ வாங்கிக்கொடுத்த துவைக்கிற மெஷின் கதைக்கு வருகிறேன்.

தண்ணீர் ரொம்பி வழிகிறது என்று அம்மா உன்னிடம் புகார் சொன்னாளே, நீயும் கம்பெனிக்குப் போன் போடுகிறேன் என்று குதித்தாயே, நான்கூட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேனே, அதுதான். முதல் தடவை நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தால் குளியலறை வாசல் வரைக்கும் ஈரம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு துணி இல்லை, தண்ணீர் மட்டும் விளிம்பு தட்டி நிற்கிறது. அம்மாவைக் கேட்டேன், நான் அதத் தொடவே இல்லீகளே என்றாள். அவள் பொய் சொல்கிறவளா, நம்பினேன். சனியன் பிடித்த மெஷின் என்று அதைத்தான் வைதேன். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி என்று நீ கஷ்டப்பட்டு வாங்கிக்கொடுத்த பொருளை வையக்கூடாதுதான், ஆனால் கோபம் வந்தால் எனக்கு ஆள் யார், பொருள் எது என்று தெரியாது, உனக்குத் தெரிந்ததுதானே.

பேகம்பூரிலிருந்து கிதர் முகம்மது என்று ஒரு மெக்கானிக் வந்தான். பொறுமையான பையன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் ஏறினால் தண்ணீர் வருகிற வாயில் உள்ள வால்வு மூடவில்லை என்று அர்த்தம் சார், நம்ம போர் தண்ணி உப்பு அதில் பொருக்குக் கட்டிவிடும் என்றான். புது வால்வு போட்டான். தொட்டியில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது என்று மெஷினுக்குத் தெரிவதற்கு உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கிறதாம், அது அடைத்துக்கொண்டால் நிரம்பியது தெரியாமல் தண்ணீரை வாங்கிக்கொண்டே இருக்குமாம், அதையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தான். கழிவுத் தண்ணீர்க் குழாய் தரையோடு கிடந்தது, அதையும் தூக்கிக் கட்டினான். ஒரு வாளித் துணியைப் போட்டு ஓட்டிக் காட்டினான், கிண்ணென்று ஓடியது. அம்மா அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரம் முடியவில்லை, மறுபடியும் தண்ணீர். எனக்கு வந்ததே ஆத்திரம். ஏலே, நீ வால்வைப் போட்டியா வாயால போட்டியான்னு போனில் கத்தினேன். கண்டக்டராக இருந்தபோது டிக்கெட் எடுக்காமல் ஏய்க்கப் பார்த்தவனைக்கூட நான் அப்படிப் பேசியதில்லை. அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வந்தான், குழாய்த் திருகை இறுக மூடினான், பிளக்கைப் பிடுங்கி டேப் சுற்றி மேலே செருகினான். சார், இப்ப இதுக்குக் கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல, இதுக்கு மேலயும் ரொம்புச்சுன்னா அது மெஷின் வேலை இல்ல, வீட்ல யாரோ ஊத்துறாக என்றான். வீட்டில் நானும் அவளும் மட்டும்தானே, யாரப் பாத்து என்ன பேசுற, வெளிய போடா என்றேன். போய்விட்டான்.

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தேன். பிளக்கில் சுற்றிய டேப் அப்படியே இருக்கிறது, திருகு மூடியது மூடியபடி இருக்கிறது, தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிற்கிறது. பேய் பிசாசு என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், சிரிக்காதே. அப்புறம் ஏதோ தோன்றி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். இனித்தது. நம் வீட்டில் மெஷினுக்கு வருவது மாடித் தொட்டியிலிருந்து போர் தண்ணீர், அதை வாயில் வைக்க முடியுமா, உப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இது கார்ப்பரேஷன் குழாயில் முறை வைத்து வருகிற நல்ல தண்ணீர். அது வருகிற அன்றைக்கு வீட்டில் இருக்கிற குடம், அண்டா, குண்டான் அத்தனையிலும் பிடித்து வைத்து அடுத்த முறை வரும்வரை குடிக்கவும் உலை வைக்கவும் வைத்துக்கொள்கிறோமே, அந்தத் தண்ணீர். அதற்கும் மெஷினுக்கும் சம்பந்தமே கிடையாது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன், குடம் அத்தனையும் காலி, துடைத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் இல்லை.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை தண்ணீர் பிடித்து வைத்த பிறகு, கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்க ஜன்னல் ஓரம் நின்றுகொண்டேன். கட்டின மனைவியைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டி வந்ததே என்று கூசியது. உன் அம்மா ஒவ்வொரு குடமாக இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கித் தலை சீவ முடியாதவள், ஆத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கி மெஷினுக்குள் சாய்த்தாள். நிரம்பியதும் மூடியைச் சாத்தி முந்தானையால் துடைத்தாள். நான் உள்ளே போய் என்ன பண்ணுற செபாஸ்தி என்று கேட்டேன். கொஞ்சமும் பதறவில்லை. சனிக்கிழமைல்ல, செத்த நேரத்துல பாப்பா ஆஸ்டல்ல இருந்து வந்துருவா, மூடை நிறைய அழுக்குத் துணி கொண்டாருவா, உப்புத் தண்ணில போட்டா அவ வெள்ளை யூனிபாரம் பழுப்பேறிப் போகும்ல, உங்களுக்கு எங்க அந்த நெனப்பு என்று என்னையே கடிந்துகொண்டாள். அன்றைக்குப் புதன்கிழமை. நீ நர்சிங் முடித்து ஆஸ்டலைக் காலி செய்து எத்தனை வருஷம் ஆகிறது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

யோசித்துப் பார்த்தால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். மலைச்சாமி எழவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவள் அந்த வாரமே மலைச்சாமி அண்ணன் ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வரக்காணோம் என்று கேட்டாள். ஏதோ மன வருத்தத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். குழம்பு வெஞ்சனத்தில் உப்பு இருக்காது, இல்லையென்றால் ரெண்டு தரம் போட்டிருப்பாள், வயசாகிவிட்டது என்று தின்றுவிட்டு எழுந்துவிட்டேன். மெஷினில் எங்கே கோளாறு என்று அம்புட்டு இடமும் கழற்றிப் பார்த்தோமே தவிர இவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கிதர் முகம்மதைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மாவத் திட்டிராதீக சார் என்று மட்டும் சொன்னான்.

டாக்டரிடம் காட்டிவிட்டேன். இன்றைக்கு என்ன கிழமை என்று அவர் கேட்டதற்கு, என்னா டாக்டரு, கிழமைகூடத் தெரியாமயா ஊசி போடுறீக என்று சிரித்துக்கொண்டே தப்பித்தாள். அவரும் சிரித்தார். அப்புறம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இது மறதி நோய்தான், போனது திரும்பாது, போவதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்று மாத்திரை எழுதினார். மதுரையில் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஒரே மகள், அயர்லாந்தில் நர்ஸ், இப்படி ஞாபகம் தப்பிய வயசானவர்களைத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்ன வார்த்தை, அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை தாயி, போகச் சொல்லி அனுப்பி வைத்ததே நாங்கள்தானே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வார்டில் இப்படி இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்வீர்களா, அவர்கள் போக்கிலேயே விட்டுவிடுவீர்களா. நான் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், செல்வி ஆஸ்டலிலும் இல்லை ஒன்றிலும் இல்லை, கல்யாணம் ஆகி அயர்லாந்துக்குப் போய்விட்டாள் என்று கத்திவிட்டேன். எங்கிட்டச் சொல்லாமயா போனா என்று கேட்டுவிட்டு, நீ அன்றைக்குத்தான் போனது போலக் கதறி அழுதாள். சூர்யகலா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். மறுநாள் எல்லாம் மறந்துவிட்டது, மறுபடியும் குடத்தைத் தூக்கிவிட்டாள். போனில் உன் முகத்தைப் பார்க்கிற நேரம் தெளிவாகத்தான் பேசுகிறாள், வைத்த பிறகுதான் நினைப்பு பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. அதிலிருந்து நான் எதிர்த்துப் பேசுவதில்லை. நமக்கென்று ரெண்டு குடத்தைக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்துவிடுகிறேன், மற்றதை அவள் ஊற்றட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பஸ்ஸு லேட்டு போல என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு விட்டுப்போகிறது ஆத்தா. தனியாக முடியவில்லை.

இத்தனை வருஷத்தில் வா என்று நான் உனக்கு எழுதியதே இல்லை. லீவு கிடைக்காது, செலவு, மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று நானே தடுத்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன், வா. ஒரு மாதமோ ரெண்டு மாதமோ, முடிந்ததைச் செய், கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிப்போடாதே. இன்றைக்கு வாசலில் நீ வந்து நின்றால் அவளுக்கு உன்னைத் தெரியும், உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நாள் அப்படி உட்காருவாள் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

அந்தோணியாரும் மாதாவும் உங்கள் இருவருக்கும் துணையாக இருக்கட்டும், மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். போனில் பேசும்போது இந்தக் கடிதம் பற்றி மூச்சு விடாதே, மெஷின் சரியாகிவிட்டதா என்றும் கேட்காதே. இன்னொன்று, மறந்துவிடாதே, வரும்போது துவைத்து மடித்த துணியாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து நிற்காதே. ஒரு மூடையாவது அழுக்குத் துணி கொண்டு வா.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
சூ. இருதயநாதன்