கீழ்நோக்கித் திறந்த பை

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் இவ்வளவு தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள், கை ஒழியவில்லை. இப்போதும் நம் பெண் என் நெஞ்சோடு ஒட்டித்தான் தூங்குகிறாள். நாற்காலிக் கையில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் சிரிக்கக் கூடாது.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் உடம்புச் சூடுதான் மருந்து, கங்காரு மாதிரி நெஞ்சிலேயே கட்டிவைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைக்கு வந்ததே கோபம்! "என் பேத்தி என்ன மிருகமா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டார். நான் படித்த விலங்கியலை எடுத்துவிட்டேன். பாலூட்டிகளில் மூன்று கூட்டம்: முட்டையிடுபவை, அரைகுறையாய்ப் பெற்றுப் பையில் வளர்ப்பவை, நம்மைப்போல் வயிற்றிலேயே முழுசாய் வளர்த்துப் பெறுபவை என்றேன். அத்தை யோசித்துவிட்டு, "முட்டை போடறதுதான் கெட்டிக்காரக் கூட்டம். சரி, இவ எதுல சேர்த்தி?" என்றார். பிறப்பில் மூன்றாவது, நடப்பில் இரண்டாவது என்றேன்.

அவளை நெஞ்சோடு கட்டிவைக்கும் பையை மாமாவே தைத்தார். ஊருக்கெல்லாம் தைத்த கை அல்லவா, படம் போட்டுத் தராமல் கத்தரியைத் தொட மாட்டேன் என்றார். போட்டுக் கொடுத்தேன். கட்டிக்கொண்டதும் நர்ஸக்கா ஓடிவந்து, "வாயை எதுக்கும்மா கீழ வச்சிருக்கீங்க? பாப்பா நழுவி விழறதுக்கா?" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். தூக்கக் கலக்கத்தில் நான் வாம்பட்டின் பையை வரைந்திருக்கிறேன்! அது மண் தோண்டும் விலங்கு. குட்டிமேல் மண் விழாதபடி அதன் பை பின்பக்கமாகத் திறக்கும்; நிமிர்ந்து நிற்கும் நான் கட்டினால் அது கீழ்ப்பக்கம். பரீட்சையில் அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மாமாவோ, "படிச்ச பொண்ணு போட்ட படம், நான் எப்படி மாத்துறது?" என்று கையை விரித்துவிட்டார். நர்ஸக்கா தினமும், "இன்னிக்கு எவ்வளவு தோண்டினீங்க?" என்றுதான் விசாரிக்கிறார்.

எல்லோரோடும் நானும் சிரிக்கிறேன். ஆனால் படுத்து உறங்கி நாளாகிறது. சாய்ந்தபடியே கண்ணயர்ந்தால், அவள் மூச்சு நின்றுவிட்டதோ என்று திடுக்கென்று விழிப்பு. மூக்கடியில் விரல் வைப்பேன். 'சும்மா இரேன்' என்பதுபோல் முகத்தைச் சுளிப்பாள். அதைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வரும்.

"லீவு கேட்டால் கிடைக்கும்தான், ஆனால் தொடவே பயமாக இருக்கிறது, கொஞ்சம் தேறட்டும், வந்து தூக்குகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கங்காருக் கூட்டத்தில் அப்பா எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உங்களை அதில் சேர்க்க எனக்கு மனமில்லை. அப்பா நெஞ்சிலும் அதே சூடுதான் என்கிறார் டாக்டர். எனக்கு மட்டும் பயமில்லையா?

தேறிய பிள்ளையை யார் வேண்டுமானாலும் தூக்குவார்கள். தேறுவதற்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
அவளைச் சுமந்தபடி,
உங்கள் மனைவி